மதகடியில் தெளிந்த நீர்

பொதியமலை முகட்டில் பிறந்து, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் பாலூட்டி, புன்னக்காயலருகே கடலிற் கலக்கும் பொருநையாறு, இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்தாண்டு கழிந்த ஓர் ஆனித் திங்களில், மலைமழை பொய்த்தமையால், நோயுற்றார் மூச்சுப்போல் மெலிந்து கிடந்தது. கதிரவன் பனையளவு உயர்ந்திருந்தான். கழிமுகத்தை அடுத்த கால்வாய்க் கரையில், நாள்தோறும் இரைந்த தவளைகள் அன்று வாய்மூடியிருந்தன. முந்திய நாள் மறைமதியாகிய அமாவாசை. ஆதலின் பொங்கிய கடலின் ஓசை, வழக்கத்தினும் அணித்தாய்க் கேட்டது.

அக்கரையில் அஞ்சி நின்றாள் சுடலைவடிவு. கணவன் இலங்கைத் தோட்டத்துக்குச் சென்று மூன்றாண்டாய் ஓலை இல்லை. வீட்டில் எஞ்சிய விதைநெல் முழுவதையும் பாவிய நாற்றங்கால், பன்னிரண்டு நாட் பச்சையோடு வெடிப்பில் வாடிக்கொண்டிருந்தது. அன்று அவளது நீர்முறை. அதனைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு எட்டு நாள். நாற்றோ இரண்டு நாளும் தாங்காது.

நேற்றுவரை கலங்கி ஓடிய கால்வாய், அன்று அடிமணல் தெரியத் தெளிந்திருந்தது. தெளிவைக் கண்டு மகிழவேண்டிய அவள் நெஞ்சு, காரணம் அறியாமலே நடுங்கியது. கரையோரக் கோரைத் தண்டுகளில், நீரைவிட்டு ஓடிவந்தவைபோல், நத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி ஒட்டியிருந்தன.

ஊருக்கு நீர் பகிர்ந்துவிடும் தளவாய், மேலாக ஒரு கை அள்ளிக் குடித்து மீசையைத் துடைத்தான்.

"இளநி மாதிரில்லா இருக்கு! ஏட்டி, பேயறைஞ்சவ கணக்கா ஏன் நிக்கே? மதகுப் பலகையத் தூக்கவா?"

"அண்ணாச்சி, நத்தையெல்லாம் மேல ஏறி நிக்குதே, பாத்தியளா?"

"ஒன் மொகத்தப் பாத்து அதுவளும் பயந்திருக்கும்."

விடியலிலேயே தன் முறையை முடித்து, மண்வெட்டி தோளிலிட்டு வந்த காசிலிங்கம் சிரித்தான். "கலங்கலுக்குப் பயப்படுதவளக் கண்டிருக்கேன், தெளிஞ்ச தண்ணிக்குப் பயப்படுதவள இங்கனதான் பாக்கேன். என் நாத்து வயிறுமுட்டக் குடிச்சாச்சு, வே!"

நாணமும் அச்சமும் ஒருங்கே பிடர்பிடித்துத் தள்ள, அவள் நீரில் இறங்கினாள். முழங்காலுக்குக் கீழே நீர் வேறு குளிர்ச்சியாய் இருந்தது. அவ்விடத்தில் தன் கால்களே கானல்போல் நெளியக் கண்டாள். கொண்டுவந்த செம்பின் வாயை உள்ளங்கையால் மூடி, மதகின் வாய்வரை அமிழ்த்தி, அங்கே திறந்து நிறைத்து, மீண்டும் மூடி எடுத்தாள்.

"இதக் குடிச்சுப் பாருங்க, அண்ணாச்சி."

தளவாய் வாயில் வைத்ததும் துப்பினான். "ஏ ஆத்தா! கடலுல்லா இது!"

ஆற்றின் விசை தளர்ந்தமையால் கடல்நீர் உள்ளேறி, கனத்தால் நன்னீரின் அடியில் பாம்புபோல் ஊர்ந்து கிடந்தது. உப்புத் தீண்டிய சேறு திரண்டு அடியில் படிந்ததால் விளைந்ததே அத்தெளிவு. மதகோ அடிநீரையே வயலுக்கு விடும்.

காசிலிங்கம் செம்பை வாங்கி நாவால் தொட்டான். மண்வெட்டி கைநழுவி வீழ, தன் வயலை நோக்கி ஓடினான்.

சுடலைவடிவு மதகைத் திறக்கவில்லை. மேலாடைபோல் மிதந்த நன்னீரைத் தட்டால் வழித்துக் குடத்தில் நிறைத்து, ஒவ்வொரு குடத்தையும் சுவைத்து, அச்சத்தோடே சுமந்து ஊற்றினாள். கடலேற்றம் பெருகப் பெருக அம்மேலாடை மெலிந்தது. இருபத்தோராம் குடம் கரித்தது. அதனைக் கரையிலேயே கொட்டினாள். நாற்றங்காலில் மூன்றில் ஒரு பங்கே நனைந்திருந்தது.

நனைந்த பங்கு பிழைத்தது. காசிலிங்கத்தின் நாற்று நான்காம் நாள் வைக்கோல் நிறம் கொண்டது; அவன் மண், உலர்ந்த கண்ணீர்போல் வெண்மை பூத்தது.

திங்கள் ஒன்று சென்று மலையில் மழை இறங்க, பொருநை செந்நிறச் சேறாய்ப் புரண்டு வந்தது. "குடிக்க ஆகாத கலங்கல்" என்று ஊரார் முகஞ்சுளித்தனர். தவளைகள் இரைந்த கரையில் சுடலைவடிவு மட்டும் குனிந்து, அக்கலங்கலை இரு கைகளாலும் அள்ளிப் பருகினாள். எதிரே காசிலிங்கத்தின் வயல் வெறுமையாய்க் கிடந்தது. அதைப் பாராதிருக்க அவளால் இயலவில்லை.