அன்றன்றைய சரக்கு

மகளிடம் தகப்பனின் சொல் செல்லுபடியாக நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். யாழ்ப்பாணத்துக் குருநகரில் முப்பது வருடம் மீன் ஏலம் கூறிய அடைக்கலநாதனுக்கு இவ்வளவு மலிவாக வேறொன்றும் படிந்ததில்லை. மகள் லவீனா வீட்டிலேயே அச்சு வேலை தொடங்க, பாவித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அந்த விலைக்கு எடுத்துக் கொடுத்திருந்தார். அதில் எது ஓட வேண்டும் என்பதும் தன் பொறுப்பென்று நினைத்தார்.

கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளாக லவீனா லினக்ஸ் போட நினைத்தாள். அதில் பல வகை, எல்லாம் இலவசம். பேரம் பேச இடமில்லாத சரக்கென்றதும் அவருக்குச் சந்தேகம்.

“டெபியன் போடுறன் அப்பா. கனபேர் பாவிச்சுப் பிழையெல்லாம் திருத்தினது. குழப்பாது.”

“எப்பத்தையான் சரக்கு?”

“ரெண்டு வருசம் இருக்கும். இன்னொண்டு கிழமைக்குக் கிழமை புதுசாகும். ஆனா எப்ப காலை வாருமெண்டு சொல்லேலாது.”

“ரெண்டும் ஒரே விலை. அண்டைக்குக் கரைக்கு வந்தது கிடக்க, ஐஸில கிடந்ததை ஆரும் எடுப்பினமோ?”

“இது மீனில்லை அப்பா.”

“காசு ஆற்றை? என்ரையெல்லோ?”

புதியதையே போட்டாள். நன்றாகத்தான் ஓடியது. அவர் சந்தையில் தன் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தார்.

செத்துப்போன தன் மனைவியின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முந்நூறு செப அட்டை கேட்டு வந்தார் சிமியோன். பூசைக்கு முதல் நாள் பின்னேரம் படம் வைத்து எல்லாம் முடித்து, விடிய அச்செடுக்கலாமென்று லவீனா செப மாலைக்குப் போனாள். திரையில் ஓர் அறிவிப்பு: புதிய பதிப்பு தயார், ஏற்கவா? வந்த புதுச் சரக்கை அடைக்கலநாதன் என்றைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்? ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

விடிய, கறுத்த திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கியது. செய்துவைத்த அட்டை உள்ளே அகப்பட்டுக் கிடந்தது. கோயில் மணியும் அடித்துவிட்டது; அட்டை வாங்க சிமியோன் வந்து நின்றார்.

“வாற பூசைக்குக் குடுப்பம் சிமியோன். காசு வேண்டாம்.”

“மனுசிக்கு இனியொரு முப்பத்தோராம் நாள் வருமோ அண்ணை?” என்றுவிட்டு சிமியோன் வெறுங்கையோடு பூசைக்குப் போனார்.

திங்கட்கிழமை லவீனாவின் கையில் காப்புகள் இல்லை. அடகு வைத்த காசைத் தகப்பன் முன் வைத்தாள்.

“எண்ணிப் பாருங்கோ.”

வியாபாரி கை, எண்ணாமல் இருக்க முடியவில்லை.

“சரியோ?”

“ஓம்.”

அவரைக் கேட்காமலே டெபியன் போடத் தொடங்கினாள்.

கொடுத்தது நாற்பத்திரண்டாயிரம், வந்தது நாற்பத்திரண்டாயிரம். மகளோடு கணக்கு நேர். சிமியோனின் முந்நூறு அட்டை மட்டும் அவர் பேரில் நிற்கிறது.