அரலிப் பூ

சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்த தமிழைத் திருத்தி வாசிப்பது கொழும்பில் இருக்கும் எங்களுக்குப் பழகிப்போன வேலை. பெயர்ப்பலகையில் எழுத்து இடம் மாறிக் கிடக்கும். முணுமுணுத்துக்கொண்டே சரியாக வாசித்துவிட்டுப் போவோம். வழிபாட்டுப் பூக்கள் பற்றிய புத்தகத்துக்கு 'அரலிப் பூ' வரைந்து தரும்படி ஒரு சிங்களப் பதிப்பகத்திலிருந்து செய்தி வந்தபோதும் அப்படித்தான். அலரியைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியவில்லை என்று திட்டிவிட்டு, அலரி வரைய உட்கார்ந்தேன்.

என் வலது கை போன வருடம் நடுங்கத் தொடங்கியது. மாத்திரை போட்டால் காலையில் கொஞ்ச நேரம் அடங்கும். இனிக் கூடுமே தவிரக் குறையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இதுவரை நான் வரைந்த பூவெல்லாம் சொந்தக்காரர் வீட்டுச் சுவர்களில்தான் தொங்குகின்றன. கை போவதற்கு முதல் ஒரு படமாவது என் பெயரோடு புத்தகத்தில் வர வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

கணவர் சிவானந்தன் காலையில் கிருலப்பனைக்குப் போய்ச் சிநேகிதர் வீட்டு அலரியில் ஒரு கொத்து முறித்து வருவார். வெள்ளவத்தை ஃபிளாட்டின் யன்னலோரம் அதைப் போத்தலில் வைத்து வரைவேன். கலர் பென்சிலை அழுத்தக் கூடாது. அழுத்தினால் தாள் பள்ளமாகிவிடும், பிறகு எந்த நிறம் பூசினாலும் அந்தக் கோடு தெரியும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ரோசா நிறத்தை மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் ஏற்றினேன். முடிந்த அன்று அழுதுவிட்டேன். உண்மையில் நல்ல அலரி அது.

படம் போய்ச் சேர்ந்ததும் பதிப்பகத்துப் பெண் அழைத்தாள்.

"மிஸ், இது கனேருதானே? நாங்கள் கேட்டது அரலிய," என்றாள் சிங்களத்தில்.

கனேரு என்றால் அலரி. அரலிய வேறு, பன்சலையில் புத்தருக்கு வைக்கும், ஐந்து இதழ் வெள்ளைப் பூ. சிங்களப் பெயரை அப்படியே தமிழில் எழுதியிருக்கிறார்கள். பிழையே இல்லாத இடத்தில் நான் பிழை திருத்தியிருக்கிறேன். அலரிக்குப் புத்தகத்தில் இடம் இல்லையாம், அரலிய கிடைத்தால் போடுவார்களாம். சரி, வரைந்து தருகிறேன் என்றேன்.

"கை ஏலாது எண்டு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார் சிவானந்தன்.

"சொன்னால் வேற ஆளிட்டைக் குடுத்திடுவினம்."

அவர் போய் அரலிய கொண்டு வந்தார்.

வெள்ளைப் பென்சிலால் வெள்ளைப் பூ வராது. தாளைத் தொடாமல் விட்டு, ஓரத்தில் மட்டும் சாம்பல் நிழல் போட வேண்டும். மாத்திரை போட்டுக் காத்திருந்தேன். கை அடங்கவில்லை. முதல் இதழின் விளிம்பிலேயே பென்சில் வெள்ளைக்குள் பாய்ந்தது. அழித்தேன், நிறம் போனது, பள்ளம் போகவில்லை. புதுத் தாள் எடுத்தேன். அதிலும் அப்படியே. மறுநாளும் அப்படியே. என் கையை எனக்கே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

சிவானந்தன் என் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்ப் பதிப்பகத்துப் பெண்ணை அழைத்தார். அவருக்குச் சிங்களம் சரியாக வராது. அவளுக்கு முடியாது என்று அவர்களுடைய மொழியில் சொல்ல மட்டும் தெரியும்.

"எயாட்ட பே, மிஸ்," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பே," என்றார் மறுபடியும், இன்னும் மெதுவாக.

எழும்பிப் போய்ப் போனைப் பறித்திருக்கலாம். நான் எழும்பவில்லை.