அணையின் இடது முனை

சம்மட்டியைக் கீழே போட்ட பிறகும் அவன் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. வலது கையைத் தூக்கினால் கழுத்து வரை சுளீர் என்றது. காலையிலிருந்து அணையின் அடிவாரம் நெடுக இதே வேலைதான். தரையில் வரிசையாகச் சென்சார்களைக் குத்தி, இரும்புத் தகட்டை ஓங்கி அடிக்க வேண்டும். மண்ணுக்குள் ஓடித் திரும்பும் அதிர்வை வைத்து, அடியில் இருப்பது பாறையா பொந்தா என்று சென்சார்களோடு இணைத்த பதிவுப் பெட்டி சொல்லும். ஓர் இடத்தில் எட்டு முறை அடித்தால்தான் காற்றுச் சத்தமும் லாரிச் சத்தமும் கழிந்து பெட்டியின் திரையில் கோடு தெளியும்.

கடைசி இடம், அணையின் இடது முனை. கை எழும்பவில்லை.

"என்ன மாப்ள, சம்மட்டிய தொட்டில் மாதிரி ஆட்டுற?" என்றார் பெட்டியைக் கவனிக்கும் அக்கா கணவர்.

"முடியல மாமா. செத்துடுவேன்."

"செத்துத் தொலைச்சா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது? விடு, முந்தின எடத்துல வந்ததையே இதுக்கும் போட்டுடறேன். அதுக்குள்ள பாறை ஓடியா போயிடும்?"

இருவரும் சிரித்தார்கள். ஆய்வை நடத்தும் மேடம் கோடுகளைப் பார்த்தாள். "முனை வரைக்கும் பாறைதான். நல்ல வேலை." பெட்டி ஜீப்பில் ஏறியது. அவன் இடது முனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அணைக்குக் கீழே முதல் தெருவில் அக்கா வீடு. தட்டை வைத்தபடியே கேட்டாள்: "இந்தத் தடவை தண்ணிய முழுசா தேக்கப் போறாங்களாமே. அடியில கெட்டிதானே?"

மாமா மென்றபடியே தலையாட்டினார். இவன் எழுந்து சன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான்.

"என்னடா, எறும்பு கடிச்ச மாதிரி?"

"இடது முனைய அடிக்கலக்கா. அடிச்சதா போட்டுட்டோம்."

மாமாவின் வாய் அப்படியே நின்றது.

"நம்ம தலைக்கு மேல இருக்கே, அதுவா? ஏமாத்த வேற எடமே கிடைக்கலையா ரெண்டு பேருக்கும்? மேடத்துக்குப் போன போடுங்க."

வேலை போய்விடும் என்று தெரிந்தே மாமா போட்டார். மேடம் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பெட்டி அடுத்த அணைக்குப் போய்விட்டதாம், திரும்பிவர மாதமாகுமாம். தேக்க வேண்டாம் என்று மேலே சொல்லிப் பார்க்கிறாளாம், கேட்பார்களா தெரியாதாம்.

அக்கா பிள்ளைகளின் துணிகளைப் பையில் திணித்தாள். உதவ அவனும் குனிந்தான்.

"கைய வச்ச, ஒடிச்சிடுவேன்."

அவன் நகர்ந்துகொண்டான். இடது முனைக்கு அவன் கொடுக்க வேண்டிய எட்டு சம்மட்டியடி இன்னும் பாக்கி.