குமிழ்ப் பக்கம்

சீமாட்டி உள்ளே வரமாட்டேன் என்று கொட்டகை வாசலில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அவள் முன்னாலிருந்து கயிற்றை இழுத்தாள். கொழுந்தன் பின்னாலிருந்து தள்ளினான். மாடு ஒரு காலைத் தூக்கி முதல் ரப்பர் விரிப்பின் மேல் வைத்தது. குளம்பு குமிழ்களுக்கு நடுவே புரண்டதும் சூடு பட்டதுபோலப் பின்வாங்கி, கொழுந்தனின் பாதத்தை மிதித்துவிட்டது.

"அண்ணி, இது வராது. விட்டுடுங்க" என்றான் அவன், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

"விட்டுட்டு? மடியைத் தொட்டுப் பாருங்க. கல்லா இருக்கு."

கன்று போட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது. நேற்று விடியற்காலைக்குப் பிறகு கறக்கவில்லை. மற்ற மாடுகளை வெளியிலேயே கட்டி எப்படியோ கையால் ஒப்பேற்றியாகிவிட்டது. சீமாட்டியிடம் கை பலிக்காது, தொட்டாலே உதைக்கும், கன்றைக்கூட அண்டவிடாது. அதற்கு மெஷின்தான். மெஷினோ கொட்டகையின் கடைசிச் சுவரில் குழாயோடு பொருத்தியது. மதியத்துக்குள் கறக்காவிட்டால் மடி தேறாது என்று மாட்டு டாக்டர் போனில் சொல்லிவிட்டார். வீட்டின் முன்னறையில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவு. இப்போது மணி பதினொன்று.

எல்லாம் அந்த மனுஷனால் வந்தது. மழைக்காலத்தில் ஒரு மாடு சிமெண்ட் தரையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து ரப்பர் விரிப்பு, ரப்பர் விரிப்பு என்று ஒரே ஜபம். சரி, வாங்கினார். ஒரு பக்கம் லேசான சொரசொரப்பு, மறுபக்கம் கட்டைவிரல் பருமனுக்கு வரிசையாகக் குமிழ். குமிழ் கீழே போகவேண்டும், அதன் சந்துகளில்தான் தண்ணீர் வடியும் என்று விற்றவரே சொன்னார். அவள் காதால் கேட்டாள். இவர் அந்த நேரம் பார்த்து வண்டிக்காரரோடு கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று விடியற்காலைக் கறவை முடிந்ததும் மாடுகளை வெளியே விட்டுவிட்டு ஒண்டியாளாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்பது மணிக்கு, "வந்து பாரு, பன்னெண்டும் போட்டாச்சு" என்று கூப்பிட்டார். வந்து பார்த்தால் பன்னிரண்டிலும் குமிழ் மேலே.

"தலைகீழா போட்டிருக்கீங்க. சாணி பூரா சந்துல தங்கும். மாடு நிக்காது."

"குமிழ் எதுக்கு வச்சிருக்கான்? பிடிப்புக்குத்தானே? உனக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லணும்."

"சரி, எப்படியோ போங்க" என்று சொல்லிவிட்டு அவள் தீவனக் கடைக்குக் கிளம்பினாள். கோபத்தில் அங்கே வேண்டுமென்றே அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து கதை பேசினாள். திரும்பியபோது அவரைக் கொட்டகையிலிருந்து தூக்கி முற்றத்தில் படுக்க வைத்திருந்தார்கள். கொழுந்தன்தான் பார்த்தானாம். மூச்சு ஏற்கெனவே நின்றிருந்தது. எப்படியோ போங்க. பொழுதுக்கும் சொல்கிற பேச்சு. நேற்றைக்குப் பார்த்தா சொல்லவேண்டும்?

அவள் கயிற்றை வாசல் தூணில் கட்டினாள்.

"தம்பி, இதெல்லாத்தையும் திருப்பிப் போடணும். வாங்க."

முதல் விரிப்பின் ஒரு முனையைத் தூக்குவதற்குள் பெரிய நாத்தனார் வந்துவிட்டார். அழுது அழுது அவருடைய முகம் வீங்கியிருந்தது.

"என்னம்மா பண்ற? அவன் கடைசியா தன் கையால போட்டது. அது அப்படியே இருக்கட்டுமே."

"அப்படியே இருந்தா மாடு எங்கக்கா நிக்கும்?"

"ஒரு நாள் பால் போனா போகுது."

"பால் இல்லக்கா, மடியே போயிடும்."

"உள்ள அவன் கிடக்கான், நீ சாணியில நின்னு மல்லுக்கட்டிட்டு இருக்க. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கறவங்கள்ல ரெண்டு பேரை இங்க அனுப்புங்க. கனமா இருக்கு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். யாரும் வரவில்லை.

இருவருமாகத்தான் புரட்டினார்கள். ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. தரையோடு இழுத்துப் போடுவது வேறு, தூக்கிப் புரட்டுவது வேறு. விரலுக்கு அடங்காது, பாதியில் துவண்டு காலில் விழப் பார்க்கும். மூன்றாவதிலேயே கொழுந்தனுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? இருந்தவரைக்கும் அவர் செய்ததற்கெல்லாம் பின்னாலேயே போய்ச் சரிபண்ணியாயிற்று. செத்த பிறகும் அதே வேலை. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்று முன்னறையில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். இந்தக் கோபம் இறங்கினால்தானே அழுகைக்கு இடம் கிடைக்கும்.

எட்டு முடிந்தது. கடைசிப் பக்கம் பல்பு எரிவதில்லை, அரை இருட்டு. ஒன்பதாவது விரிப்பு தரையில் கிடக்கவில்லை. நீளவாக்கில் எழுந்து தீவனத் தொட்டியில் சாய்ந்து நின்றது.

அதற்கப்பால் போன கொழுந்தன் குனிந்து தடவிப் பார்த்தான். "நல்லவேளை அண்ணி. இந்தக் கடைசி மூணும் சரியாத்தான் கிடக்கு. அண்ணன் இந்த ஒண்ணைப் போடறதுக்குள்ளதான்..."

"இல்ல" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்தான்.

"நேத்து ஒன்பது மணிக்குப் பன்னெண்டும் கீழதான் கிடந்துது. பன்னெண்டுலயும் குமிழ் மேல. நான் பார்த்தேன்."

கொழுந்தன் மூன்று விரிப்புகளையும் பார்த்தான், சாய்ந்து நின்ற ஒன்பதாவதைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

நீ சொன்னதுதான் சரி என்று அந்த மனுஷன் முப்பது வருஷத்தில் ஒருமுறை வாய்திறந்து சொன்னதில்லை. அவள் தீவனக் கடையிலிருந்து வருவதற்குள் மாற்றி முடித்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. முதலிலிருந்தே அப்படித்தான் போட்டதுபோல வாசலில் நின்றிருப்பார். மூன்றைப் புரட்டியிருக்கிறார், தனியாக. அவள் வந்து ஒரு முனையைப் பிடித்திருக்க மாட்டாளா? பிடித்துக்கொண்டே நாலு வார்த்தை திட்டியிருப்பாள், அவ்வளவுதானே.

"நீங்க தள்ளிக்குங்க அண்ணி. இதை நான் ஒருத்தனே சாய்ச்சிடறேன்" என்று கொழுந்தன் ஒன்பதாவதில் கை வைத்தான்.

"தொடாதீங்க." அவள் குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தணிந்து, "அந்தப் பக்கம் பிடிங்க. ஒருத்தர் தூக்கற கனமில்ல இது" என்றாள்.

ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள்.

சீமாட்டியை யாரும் இழுக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு காலை வைத்தது, முகர்ந்தது, அடுத்த காலை வைத்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலக் கடைசிவரை நடந்துபோய் மெஷின் பக்கத்தில் நின்றது. அவள் வெந்நீரில் துணி நனைத்து மடியை ஒற்றி, காம்புகளில் மெஷினின் கிண்ணங்களை மாட்டினாள். முதலில் வெறும் காற்றுச் சத்தம். சற்றுப் பொறுத்துக் குழாயில் பால் வந்தது.

பெரிய நாத்தனார் வாசலில் வந்து நின்றார். "மணி ஒண்ணாகுதும்மா. எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க."

"வர்றேன்க்கா. இது முடிஞ்சதும் வர்றேன்."

மெஷின் சீராக இரைந்துகொண்டிருந்தது. அவள், அவர் புரட்டிப் போட்ட பத்தாவது விரிப்பின் மேல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டாள்.