கால்நடைக்கு அனுமதி இல்லை

சனிக்கிழமை விடிந்ததும் செங்காளிபாளையத்துப் பழைய வண்டித்தடத்தின் முனையில் கார்கள் வந்து வரிசை கட்டும். இயற்கையை நேசிப்பவர்கள் இயற்கை இருக்கும் இடத்துக்கு நடந்தே வந்துவிட முடியாது. அது நகரத்தை விட்டு மதுக்கரையையும் தாண்டி இருக்கிறது. காரின் முதுகில் கட்டி வந்த சைக்கிளை இறக்கி, ஹெல்மெட்டை மாட்டி, ஒருவரை ஒருவர் படம் பிடித்து முடித்ததும் எல்லோரும் தேவானந்தத்தைத் தேடுவார்கள். அவர் பசுந்தடம் அறக்கட்டளையின் செயலாளர். பாதையின் கேட் சாவி அடையாள அட்டையோடு சேர்ந்து அவர் கழுத்தில் தொங்கும். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சாவியும் அதைக் கேட்டு நிற்க நாலு பேரும் இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்தது போலவே இருக்காது.

கேட்டுக்கு மேலே பெரிய பலகை. ‘பசுந்தடம் எழில்வழி. இயற்கையோடு இணைவோம்.’ அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘கால்நடைக்கு அனுமதி இல்லை.’ நடப்பதற்கென்றே போட்ட பாதையில் இப்படி எழுதலாமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. படித்தவர்கள் பலகைகளைப் படிப்பதில்லை.

அன்றைக்கு லோகப்பிரியா தாமதமாக வந்தாள். சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. வாரம் ஐந்து நாள் கணினி, சனிக்கிழமை விவசாயம். கார் கண்ணாடியை இறக்கியபடியே தேவானந்தத்திடம் சொன்னாள்.

“சாரி அங்கிள். பாலக்காட்டு ரோட்ல டிப்பர் ஒண்ணு ஆட்டுக் கூட்டத்துல ஏறிருச்சு. ஒரே டிராஃபிக். ஒரு லேடி வேற விழுந்து கிடந்தாங்க. என் கீரைக்கு யாராச்சும் தண்ணி விட்டாங்களா?”

தேவானந்தத்தின் கை சாவியோடு அப்படியே நின்றது. அந்த ரோட்டில் ஆடு ஓட்டிப் போகிற பெண் ஒருத்திதான் உண்டு. அவள் ஏன் அந்த ரோட்டில் போகிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டைத் திறந்தார். பின்னால் சைக்கிள் மணிகள் பொறுமையிழந்து ஒலித்துக்கொண்டிருந்தன.

இந்த அறக்கட்டளை பிறந்தது ஓர் இருதய மருத்துவரின் வாயில். தலைவர் நஞ்சுண்டன் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் செய்யும் பவுண்டரி முதலாளி. தினமும் நடந்தே தீர வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தான் மட்டும் தனியாக நடப்பதில் என்ன கௌரவம் இருக்கிறது என்று நஞ்சுண்டனுக்குத் தோன்றியது. ஆகவே கூட்டு விவசாயம், எழில்வழி, திறந்தவெளிப் பொழுதுபோக்கு என்று மூன்று லட்சியங்களோடு ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்.

எழில்வழி என்பது புதிதாகப் போட்ட வழி அல்ல. தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்த வேலிக்குள், ஒரு மாட்டு வண்டி மட்டும் போகிற அகலத்தில் கிடந்த பழைய பொதுத்தடம் அது. ஊரில் அதற்கு இட்டேரி என்று பெயர். அந்தப் பெயரில் சாணி வாடை அடிப்பதாக நஞ்சுண்டன் நினைத்தார், பெயரை மாற்றினார். முள் சட்டையைக் கிழிக்கிறது என்று உறுப்பினர்கள் சொன்னார்கள், வேலியை வெட்டினார். வெட்டிய இடத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பி வேலி வந்தது. பெயின்ட் பச்சை என்பதால் பசுமைக்குக் குறைவில்லை.

பாதையோரத்தில் குத்தகைக்குப் பிடித்த தோட்டக்காட்டில் கூட்டு விவசாயம் நடந்தது. ஆளுக்கொரு பாத்தி, பாத்திக்கொரு பெயர்ப்பலகை. சனிக்கிழமைகளில் விதைப்பார்கள். மற்ற நாட்களில் சொட்டுநீர்க் குழாய் தனியாக விவசாயம் பார்க்கும். இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஒருநாள் சென்னியம்மாளின் ஆடு ஒன்று நுழைந்து, லோகப்பிரியாவின் கீரையைத் தின்று, அவள் பெயர்ப்பலகையையும் பாதி தின்றுவிட்டது. கீரை போனதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். பெயர் போனதை யாராலும் பொறுக்க முடியவில்லை. அவசரக் கூட்டம் போட்டு, பாதைக்குக் கேட் வைப்பதென்று முடிவாயிற்று. ஆனால் பொதுத்தடம் ஆயிற்றே, பிற்பாடு வில்லங்கம் வரக்கூடாது. அதைத் தினமும் புழங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் நஞ்சுண்டன். கேட்டுவர தேவானந்தத்தை அனுப்பினார்கள்.

தினமும் புழங்கியவள் சென்னியம்மாள்தான். புருஷன் இல்லாதவள். ஆடுகளை மேய்ச்சலுக்குக் கரட்டுக் குன்றுக்கு ஓட்டிப்போக அந்த இட்டேரிதான் அவளுக்கு வழி. தேவானந்தம் போனபோது வாசலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டு மோர் கொண்டுவந்து தந்தாள். மோரைக் குடித்துவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார்.

“ஏனுங்க அம்மணி, தடத்துல கேட் ஒண்ணு போடலாம்னு இருக்கறோமுங்க. ஆடுகளுக்கு நீங்க வேற தடம் பாத்துக்குவீங்கல்ல?”

சென்னியம்மாள் இட்டேரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: “ஆகட்டுங்க.”

கொங்கு நாட்டில் இந்தச் சொல்லுக்குப் பொருள் தேட அகராதியைப் புரட்டக்கூடாது. சொல்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு தோசை என்று வற்புறுத்தினால் ஆகட்டுங்க. நாளைக்கு வா என்று அதிகாரி சொன்னால் ஆகட்டுங்க. சொன்னது காதில் விழுந்தது என்பதற்குமேல் அதில் உத்தரவாதம் ஒன்றும் கிடையாது. எதிரே நிற்கிற பெரிய மனிதரிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு வராதவர்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொள்வார்கள். இது வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போகலாம். தேவானந்தம் போத்தனூரில் பிறந்து வளர்ந்தவர். கடன் கேட்டு வந்து, கொடுக்க மனமில்லாமல் அவர் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு விவசாயிக்கும் அவரே தன் வாயால் சொன்ன வார்த்தை அது.

ஆனாலும் கூட்டத்தில் போய், அந்தம்மா சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றார். நஞ்சுண்டன் அதை மைக்கில், உள்ளூர் மக்கள் உவகையோடு ஒப்புதல் அளித்துவிட்டார்கள் என்று சொன்னார். ஒரு பெண்ணின் தயக்கம் ஒரே மாலைக்குள் ஊர் முழுவதன் உவகையாக வளர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தேவானந்தமும் தட்டினார். கேட் வந்தது; சென்னியம்மாளின் ஆடுகள் பாலக்காட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு கரட்டுக்குப் போகத் தொடங்கின.

விபத்து நடந்த அந்தச் சனிக்கிழமை மதியமே தேவானந்தம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சென்னியம்மாளுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. லாரி வருவதைப் பார்த்து சினையாட்டை இழுக்கப் போயிருக்கிறாள். ஆடும் போயிற்று, காலும் போயிற்று. அவரைக் கண்டதும் படுக்கையிலேயே எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“இத்தனை வெயில்ல வந்துபோட்டீங்களே. சாப்ட்டீங்களா?”

கொண்டு போன ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கோபப்பட்டிருப்பார். கோபம் வந்தால் குற்றவுணர்ச்சி குறையும். அவளோ, உங்களுக்குத் தொந்தரவாகப் போய்விட்டது என்று அவரிடமே வருத்தப்பட்டாள்.

மகள் சாந்தாமணி அப்படி இல்லை. காந்திபுரத்துத் துணிக்கடையில் வேலை செய்கிறவள். அந்த அளவு இல்லைங்க, அந்தக் கலர் இல்லைங்க, அதுக்குமேல் குறைக்க முடியாதுங்க என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகியவள். அவரை வராந்தா வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

“சார், எங்கம்மா ஆகட்டுங்கன்னு சொன்னாங்களாமா. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா?”

“நான் சரின்னு நெனச்சுட்டேன் கண்ணு” என்றார் தேவானந்தம்.

முதல் பொய்யைக் கூட்டத்தில் சொன்னபோது அது பொய் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பொய்யைச் சொல்லும்போதே அதன் கசப்பு நாக்கில் தெரிந்தது. சாந்தாமணி திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அதற்குப்பின் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை கூடிவிட்டதா என்று மனைவி இருதயம்மாள் பரிசோதனைக்கு அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தேவானந்தம் பங்குத் தந்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று காத்து நின்றார். தந்தை அவரைக் கண்டதுமே கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் எழில்வழியைப் பற்றி ஊரே பேசுகிறது, பங்கு இளைஞர்களை ஒருநாள் அழைத்துவர வேண்டும், பேருந்து நிறுத்த இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது ஃபாதர் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார். பாராட்டுகிறவர்களுக்கு நடுவே பாவத்தைச் சொல்வதற்குத்தான் எத்தனை இடைஞ்சல்.

விபத்தைக் கேள்விப்பட்ட நஞ்சுண்டன் உண்மையிலேயே வருந்தினார். வருத்தம் வந்தால் விழா எடுப்பது அவர் வழக்கம். சென்னியம்மாள் வீடு திரும்பிய பிறகு, ஆண்டு விழாவைக் கூட்டு விவசாயக் காட்டில் பந்தல் போட்டு வைத்தார்கள். பின்வரிசையில் சிறுதானியச் சிற்றுண்டி. முன்வரிசையில் சென்னியம்மாள், அறக்கட்டளை வாங்கித் தந்த சக்கர நாற்காலியில். வழியை அடைத்தவர்கள் வண்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் சாந்தாமணி நின்றாள்.

நஞ்சுண்டன் மைக்கைப் பிடித்து, இந்த எழில்வழிக்கு முதல் ஒப்புதல் தந்த தாயுள்ளமே என்று தொடங்கினார். நெடுநேரம் பேசினார். கடைசியில், இந்தப் பாதைக்கு இன்று முதல் சென்னியம்மாள் எழில்வழி என்று பெயர் சூட்டுகிறோம் என்றார். கைதட்டல் எழுந்தது. குனிந்து மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

“என்னங்கம்மா, உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?”

சென்னியம்மாள் அத்தனை முகங்களையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்பது தேவானந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. எழுந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டார். பிடுங்கினார் என்றும் சொல்லலாம்.

“அந்தம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லோணுமுங்க. இவங்க கேட்டுக்குச் சம்மதிக்கலீங்க. மரியாதைக்கு ஆகட்டுங்கன்னாங்க. அதுக்கு அர்த்தம் எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் சரின்னுட்டாங்கன்னு வந்து சொன்னேன். இவங்க மகள் கேட்டப்பவும் தெரியாதுன்னு பொய் சொன்னேன். இவங்க காலை ஒடச்சது லாரி மட்டும் இல்லீங்க, நானுந்தான்.”

பந்தலில் கரண்டிச் சத்தம் நின்றது. நஞ்சுண்டன் மைக்கின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு, கோபத்திலும் குறையாத மரியாதையோடு, இதை ஊட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமுங்களே மேனேஜர் என்றார்.

“ஊட்டுல சொல்லியிருந்தா அதையும் ஒப்புதல்னு மாத்தியிருப்போமுங்க தலைவரே. அடுத்தவங்க மரியாதையைச் சம்மதம்னு சொல்லி அவங்க தடத்தை அடைக்கறதுக்குப் பேரு சேவை இல்லீங்க. ஆக்கிரமிப்பு.” பிறகு அவர் சென்னியம்மாளின் பக்கம் திரும்பி, மைக்கைக் கீழே இறக்கினார். “இப்பச் சொல்லுங்க அம்மணி. வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லுங்க.”

பக்கத்தில் நின்ற மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“பேரெல்லாம் வேண்டாமுங்க” என்றாள். மைக் இல்லாமலே கேட்டது. “கேட்டும் வேண்டாமுங்க. ஆடு போகோணும்.”

செயற்குழு கூடி முடிவு செய்யலாம் என்றார் நஞ்சுண்டன். செயற்குழு கூடியிருந்தால் கேட்டுக்கு வெள்ளிவிழா நடந்திருக்கும். ஆனால் லோகப்பிரியா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். டிராஃபிக்கைப் பற்றித் தான் சொன்னது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. முகம் சிவந்து போயிருந்தது. யாரையும் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தாள். சைக்கிள்காரர்கள் அவள் பின்னால் போனார்கள். அவர்கள் பைகளில் ஸ்பேனர் இல்லாமல் இருக்காது. அது முதல்முறையாகப் பயன்பட்டது. போல்ட்டுகளைக் கழற்றி, கேட்டைத் தூக்கிக் கம்பி வேலியின்மேல் சாய்த்தார்கள். பலகையைக் கழற்றும்போதுதான் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு தேவானந்தம் சக்கர நாற்காலியை நோக்கிப் போனார். கழுத்தில் சாவி இல்லை. மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகளை வழிநெடுக அடுக்கிக்கொண்டே வந்தார். சென்னியம்மாள் தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டு, எழ முடியாத காலோடு எழுந்திருக்கப் பார்த்தாள். சாந்தாமணி தாயின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, நாலடி முன்னால் வந்து அவரை நிறுத்தினாள்.

“எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க சார். கேட்டா உடனே மன்னிச்சிருவாங்க. மாட்டேன்னு சொல்ல அவங்களுக்குத் தெரியாது. நீங்களும் நிம்மதியாப் போயிருவீங்க.”

“அப்ப நான் யார்கிட்டக் கேக்கறது கண்ணு?”

“என்கிட்டக் கேளுங்க. நான் முடியாதுன்னு சொல்லுவேன். இன்னைக்கும் சொல்லுவேன், நாளைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். என்னைக்காச்சும் சரின்னு சொன்னா, அன்னைக்கு அது நெசம்.” அவள் தாயிடம் திரும்பிப் போய் நாற்காலியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “மறுத்துப் பேச முடியறவங்க சொல்ற சரிதானுங்க சார் சம்மதம். முடியாதவங்ககிட்ட வாங்கறதெல்லாம் பறிச்சதுதான்.”