பதினோரு அறைகள்

உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வலது மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் மவுஸைத் தள்ளிக்கொண்டிருந்தாள் வூலா. வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்குள் ஒரு புதிர் விளையாட்டு வெளியே போயாக வேண்டும். நகரின் காலிங்வுட் பகுதியில், பழைய செருப்புத் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் ஆறு வருடமாக எல்லா வியாழக்கிழமையும் இதே பாடுதான். டிராமில் நிற்கிறவர்கள் இறங்குவதற்குள் முடித்துவிட்டு மறந்துவிட வேண்டும், அவ்வளவு சின்ன விளையாட்டு. மூன்று வாரம் தவறினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வருடம் தவறவிட்ட ஆளின் மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

அவள் செய்வதையெல்லாம் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லும் குவாங் எதிர்மேஜையிலிருந்து தலையை நீட்டினான்.

"அக்கா, இந்தச் சலவை அறை பிரமாதம். ஆனா சுடுதண்ணிக் குழாயைத் திறக்கணும்னு எவனுக்குத் தோணும்? நானே இருபது நிமிஷம் திருதிருன்னு முழிச்சேன்."

"சமையலறைல கெட்டில் ஆவி பட்டு ஜன்னல் கண்ணாடில எழுத்து தெரியும்ல? அதைப் பார்த்தவனுக்குத் தோணும்."

"அந்தச் சமையலறை கேம் வந்தது ஜூலைல. இப்ப செப்டம்பர். நேத்து தின்னதே எவனுக்கும் ஞாபகம் இல்ல. நான் குழாய்மேல ஒரு அம்புக்குறி போட்டுட்டேன்."

திரையில் சிவப்பு அம்புக்குறி மின்னி மின்னி அணைந்தது. வூலா அதை அழிக்கப் போனாள். நேரமாகிவிட்டது என்று அப்படியே அனுப்பினாள்.

அந்தச் சமையலறை, சலவை அறை எல்லாம் வியாழக்கிழமைக்காகச் செய்தவை அல்ல. ஒன்பது வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகளில், தன் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு பெரிய விளையாட்டைச் செய்துகொண்டிருந்தாள். இருபத்தொன்பது அறைகள் கொண்ட ஒரு மரப்பலகை வீடு. எந்தக் கதவுக்கும் சாவி கிடையாது. ஓர் அறையில் கற்றுக்கொண்டதுதான் அடுத்த அறைக்கு வழி. அதை முடித்து, தன் பெயர் போட்டு வெளியிட்டுவிட்டு, வியாழக்கிழமைகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. அதுவரை செய்திருந்த முந்நூறு சின்ன விளையாட்டுகளில் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

அங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் மணிக்கட்டு வீங்கியது. ஆறு வாரம் கையை அசைக்காதே என்றார் டாக்டர். அசைக்காமல் இருந்தால் அவள் மேஜைக்கும் ஒரு பிரிண்டர் வரும். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, மண்டையில் ஒன்றுமே ஓடாமல், தன் விளையாட்டு வீட்டிலிருந்து சமையலறையைப் பிய்த்துக் கொடுத்தாள். ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் மாடிப்படி போயிற்று. அதற்கடுத்த வாரம் குளியலறை. இன்றைய சலவை அறை பதினொன்றாவது.

மதியம் ஃபெர்கஸ் கூப்பிட்டான். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கூடவே உட்கார்ந்திருந்தவன்; இப்போது மேலாளர்.

"நல்ல சேதி, வூலா. உன் கேமெல்லாம் ஒரே வீட்டுக்குள்ள நடக்குதுன்னு ஜனங்க கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரே பேச்சா இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து ஹெட் ஆபீஸ்ல ஒரு பெரிய கேமாப் பண்ணப் போறாங்களாம். ரெண்டு வருஷ வேலை. சிட்னிலேர்ந்து டீம் காலைலயே வந்தாச்சு."

"அது என் வீடு, ஃபெர்கஸ். ஒன்பது வருஷமாக் கட்டிட்டிருக்கேன்."

அவன் கையிலிருந்த டிம் சிம் கொழுக்கட்டையைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தான். முகம் உண்மையாகவே வாடிப்போயிற்று. "அப்புறம் ஏன் குடுத்தே?"

"கை வலிச்சுது."

"வியாழக்கிழமைக்குக் குடுத்தது கம்பெனியோடதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே."

"சரி, போகட்டும். அந்த டீம்ல என்னையும் போடு. இன்னும் பதினெட்டு அறை இருக்கு. வரிசை எனக்குத்தான் தெரியும்."

"கேக்காம இருப்பேனா? கேட்டேன். பெரிய கேம் பண்ணின ஆளுங்கதான் வேணுமாம். நீ பண்ணினது எல்லாமே சின்னதுன்னுட்டாங்க." பொட்டலத்தின் வாயை மடித்தான். "உன்னை அங்க விட்டுட்டா வியாழக்கிழமைக்கு நான் எங்க போவேன்? உன் வேகம் யாருக்கு இருக்கு, சொல்லு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன்மேல் கொஞ்சம், தன்மேல்தான் அதிகம். அழுதுவிடுவோமோ என்று பயந்து, "அடுத்த வாரம் என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"வசந்தம் வருதுல்ல? பூவா ஏதாவது போடேன்."

திரும்பும் வழியில் கூட்ட அறை திறந்து கிடந்தது. சுவர்ப்பலகையில் பதினோரு அறைகளின் படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே ஒட்டியிருந்தார்கள். சமையலறை முதலில், அன்று மதியம் ஒட்டிய சலவை அறை கடைசியில். இப்படியே விட்டால் விளையாடுகிறவர்கள் குழாய்முன் நின்று, தங்களைத்தான் முட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். வூலா உள்ளே போனாள். இடது கையால் சலவை அறையைப் பிய்த்துச் சமையலறைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மாடிப்படியைத் தள்ளினாள். குளியலறையைக் கீழே இறக்கினாள். கொடுக்காத அறைகள் வர வேண்டிய இடங்களில் கையகலம் இடைவெளி விட்டாள்.

காபிக் கோப்பையோடு உள்ளே வந்த சிட்னிப் பெண் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். "அட! இப்படி வெச்சா எல்லாம் பொருந்துதே! காலைலேர்ந்து மண்டையை உடைச்சிட்டிருக்கோம். நீங்க எந்த டீம்?"

"வியாழக்கிழமை."

அந்தப் பெண் போனை எடுத்துப் பலகைக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? உங்க தோள் படத்துல விழுது."

வூலா தள்ளிக்கொண்டாள்.