செல்வமேரி போடும் டீ

1

இந்தக் கதை ஒரு கேள்வித்தாளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மிருதுளா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குளிப்பது, சமைப்பது, பஸ் ஏறுவது என்று நோயும் விபத்தும் பறித்துக்கொண்ட அன்றாட வேலைகளை மறுபடி கைக்குக் கொண்டுவருவது அவள் தொழில். மனநோயிலிருந்து தேறியவர்கள் வீட்டில் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாள். கேள்விகளின் தமிழைச் சரிபார்க்கத் தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். (நான் திருத்தியது இரண்டே ஒற்றெழுத்து. கதையைச் சுருட்டிக்கொண்டேன்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பெரும்பாக்கம் குடியிருப்பின் ஏழாவது மாடியில், விதியால் வஞ்சிக்கப்பட்ட செல்வமேரி ஜன்னல் வழியே வெறித்துப்...’

வேண்டாம். மிருதுளா போனபோது செல்வமேரி எதையும் வெறிக்கவில்லை, துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். “தனியாக டீ போடுவீர்களா?” என்ற கேள்விக்கு அவள் “இல்ல” என்றாள். மிருதுளா ‘இயலாது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அடித்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தாள். கேஸைத் திருகும் குமிழ் இரண்டையும் காணோம்.

“நாப் எங்கக்கா?”

“அவரு பாக்கெட்ல. வேலைக்குப் போறப்போ கயட்டி எடுத்துக்கினு பூடுவாரு.”

மூன்று வருடங்களுக்கு முன், நோய் முற்றியிருந்த ஒரு நாளில், செல்வமேரி கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். அன்றிலிருந்து கணவர் பிரிட்டோ குமிழ்களைக் கழற்றிக்கொண்டுதான் நாவலூருக்கு செக்யூரிட்டி வேலைக்குக் கிளம்புவார். மாத்திரையில் அவள் தேறி இரண்டு வருடமாகிறது. இன்னமும் பகலில் ஒரு வாய் வெந்நீருக்குக்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

மிருதுளா டிக்கைக் கிறுக்கி அழித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: ‘இயலும். விடுவதில்லை.’ இத்தனை வருடம் எழுதுகிற எனக்கு அந்த இரண்டு சொல்லைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

3

பிரிட்டோவை வில்லனாக்கப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். மனுஷர் ஒத்துழைக்கவில்லை. குமிழை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்ன மிருதுளாவிடம்,

“இன்னா மேடம், ஈஸியா சொல்றீங்க? அவளுக்கு எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?” என்று கேட்டுவிட்டு அழுதாராம்.

மிருதுளா ஆறு வாரம் விடாமல் போனாள். செல்வமேரி டீ போடுவாள். பிரிட்டோ கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. சிகிச்சை யாருக்கு என்று யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மிருதுளாவின் மேல் பெரிய மரியாதையும் வந்தது.

ஐந்தாவது வாரம் செல்வமேரி அடுப்பிலிருந்து திரும்பி, “நீ மொதல்ல மூச்ச வுடு” என்றாள் புருஷனிடம். (இந்த வசனத்தில் நான் கைவைக்கவில்லை. இதைவிட நன்றாக எழுத எனக்கு வராது.)

4

ஆறு வாரம் முடிந்த திங்கட்கிழமை, பிரிட்டோ குமிழ்களை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

முடிவு ஒன்று: அவர் மறுபடி அடிக்க, அவள் போனை எடுத்து, “டீ குடிச்சிக்கினு கீறேன்யா” என்கிறாள்.

முடிவு இரண்டு: அவர் ஏழு மாடி ஓடி ஏறுகிறார். கதவைத் திறந்தால்...

இரண்டையும் அடித்துவிட்டேன். மேலே ஏழாவது மாடியில் என்ன நடந்தது என்று மிருதுளா எனக்குச் சொன்னாள். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பிரிட்டோவுக்கும் அப்போது தெரியாது. தெரியாமல்தான் அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அவருடைய ஒரு கால் பஸ் படியில் இருக்கிறது. “ஏர்றியா இல்லியா சார்?” என்கிறார் கண்டக்டர்.

அவரை ஏற்றுவதா இறக்குவதா என்பதை நீங்களே சொல்லுங்கள். அதற்குமுன் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரும் அடுப்பை அணைக்க மறந்ததே இல்லையா? அன்றைக்குக் குமிழை யார் கழற்றிக்கொண்டு போனார்கள்?